ஆறாவது காரணம்

விழுப்புரம் மார்க்கெட் கமிட்டி வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது தொம்மைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பேசிய பெண் குரல் முதலில் வணக்கம் சொன்னது. பிறகு பள்ளியின் பெயரைச் சொன்னது. பிறகு பள்ளி வாங்கிய விருதுகளை ஒவ்வொன்றாகச் சொன்னது. எல்லாம் முடிந்த பிறகுதான், உங்கள் மகள் லூசியா விஷயமாக முதல்வர் உடனே பார்க்க வேண்டும் என்கிறார் என்றது.

பத்தாவது படிக்கிற பெண். மயங்கி விழுந்துவிட்டாளா, வேன் எங்கேயாவது மோதிவிட்டதா என்று தொம்மை பதறிக் கேட்டான். அதெல்லாம் ஒன்றுமில்லை, வரலாற்றுத் தேர்வில் உங்கள் பெண் ஐந்து காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஆறு எழுதிவிட்டாள் என்றது குரல், இழவுச் செய்தி சொல்கிற தணிவோடு.

முகையூரிலிருந்து பிழைக்க வந்து, சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வாங்கி, விழுப்புரத்தில் லோடு அடிக்கிறவன் தொம்மை. அவன் வாழ்க்கையில் ஒன்று குறைந்தால்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒன்று கூடினால் யாரும் வாயைத் திறந்ததில்லை. இது புதிதாக இருந்தது. தலையில் கட்டிய துண்டை அவிழ்க்கக்கூட மறந்து வண்டியை எடுத்தான்.

திண்டிவனம் போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஞானசிகரம் பள்ளி. தலைமையகம் திண்டிவனத்தில், இது விழுப்புரம் கிளை. வாசலில் சிமெண்ட்டால் செய்த பெரிய புத்தகம் ஒன்று விரிந்து கிடக்கும். அதன் இரண்டு பக்கத்திலும் ஓர் எழுத்துக்கூட இருக்காது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். பள்ளியில் உற்பத்தி என்று நடப்பது அது ஒன்றுதான் என்று வேன் டிரைவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

வாட்ச்மேன் தொம்மையை நிறுத்தி, தலையில் கட்டின துண்டை எடுத்தால்தான் உள்ளே விட முடியும், அது வளாகத்தின் எதிர்பார்ப்பு என்றார். தொம்மை துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். தோளிலும் கூடாது என்றார் வாட்ச்மேன். தொம்மை அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கக்கத்தைப் பற்றி விதி எதுவும் இல்லாததால் வாட்ச்மேன் வழி விட்டார்.

முதல்வர் ராஜாமணி விடைத்தாளை இரண்டு விரலால், செத்த எலியின் வாலைப் பிடிப்பது போலத் தூக்கிக் காட்டினார். கேள்வி, வேலூர்ப் புரட்சிக்கான காரணங்கள் யாவை என்பது. ஐந்து மதிப்பெண். ஐந்து மதிப்பெண் என்றால் ஐந்து காரணம். பள்ளி அச்சடித்துக் கொடுக்கும் நோட்ஸில் ஐந்துதான் இருக்கிறது. வகுப்பே ஐந்து எழுதி, அடிக்கோடிட்டு, பேனாவை மூடி வைத்த பிறகு, இந்தப் பெண் ஒருத்தி மட்டும் குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஆறாவதா எழுதனது தப்புங்களா சார்?"

"தப்பா இருந்தா பரவால்லையே மிஸ்டர் தொம்மை. தப்புன்னா ஒரு கோடு போட்டு அடிச்சிட்டுப் போயிக்கினே இருப்போம். சரியா இருக்கு. அதுதான் பிரச்சினை."

தொம்மை விழித்தான். முதல்வர் பொறுமையாக விளக்கினார். நோட்ஸுக்கு வெளியே இருந்து ஒரு சரியான விடை வந்துவிட்டால், நோட்ஸில் இல்லாத சரி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற தகவல் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு வேலூருக்கு ஆறாவது காரணம் எழுதுகிறவர்கள் நாளைக்கு ஸ்பெஷல் ஃபீஸுக்குக் காரணம் கேட்பார்கள். இதற்காகவா அவர் எம்.ஏ., எம்.எட். படித்துவிட்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்?

அரசாங்கப் புத்தகத்தில் இருந்ததைத்தானே எழுதினேன் என்று மகள் சொல்வதாக அங்கே நின்ற வரலாற்று ஆசிரியை இளவரசி மெல்லச் சொன்னார். முதல்வருக்கு முகம் சிவந்தது. "அரசாங்கப் பொஸ்தகம் அட்டை போட்டு வீட்ல வைக்கிறதுக்கு. ஆபீசருங்க வந்தா காட்றதுக்கு. அதைப் போய் யாராவது படிப்பாங்களா?"

பிறகு அந்த ஆறாவது காரணத்தை அவரே உரக்கப் படித்தார். லூசியாவின் கையெழுத்து மணிமணியாக இருந்தது. 'குறை சொன்ன சிப்பாய்களின் குறை என்ன என்று விசாரிக்காமல், குறை சொன்னதையே குற்றமாக்கி அவர்களைச் சவுக்கால் அடித்தது.' படித்து முடித்துத் தாளை மடித்தார் முதல்வர்.

"ஆகவே இதுல விசாரணையெல்லாம் கெடையாது. நேரா டி.சி.தான்."

தொம்மைக்கு அந்த இரண்டெழுத்து புரிந்தது. அரைப்பரீட்சை முடிகிற நேரம். பொங்கலுக்குள் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போய்விடும். இப்போது டி.சி. வாங்கினால் எந்தப் பள்ளிக்கூடமும் அவளை வாசலில் நிற்கக்கூட விடாது. பத்தாவதை அடுத்த வருஷம்தான் எழுத வேண்டும். அடுத்த வருஷம் எழுதுகிறேன் என்று வீட்டில் உட்கார்ந்த பெண்களை அவனுக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி இருதயசெல்வி. கையெடுத்துக் கும்பிட்டான்.

முதல்வர் இளகினார். ஒரு வாய்ப்பு உண்டு, பெற்றோர் புத்துணர்வுத் திட்டம் என்றார். அதாவது தொம்மை ஒருநாள் முழுக்க மகளின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வரலாற்று வகுப்பின் விதிகளையும் எதிர்பார்ப்புகளையும் கற்றுத் தேற வேண்டும். குற்றம் பிள்ளையுடையது, அதன் ஊற்று வீட்டில் இருக்கிறது என்பது நிர்வாகத்தின் ஆராய்ச்சி முடிவு.

மறுநாள் ஒரு லோடை விட்டுவிட்டுத் தொம்மை போனான். பெஞ்சு சிறியது. முழங்கால் மேசையில் இடிக்க, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முன்வரிசையில் லூசியா திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். எதற்காகவோ ஒருவர் வந்து அவனைப் போட்டோ எடுத்தார். அன்று மாலையே, 'விவசாயிகளையும் ஈர்க்கும் எங்கள் வரலாற்று வகுப்பு' என்று பள்ளியின் இணையப் பக்கத்தில் அந்தப் படம் வரப்போகிறது என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. அவன் விவசாயியும் இல்லை.

கரும்பலகைக்கு மேலே, சாமி படம் மாட்டுகிற இடத்தில், விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. வகுப்பு எழுந்து நின்று ஒரே குரலில் ஓதியது. அரசர்கள் பெயரை நீல மையில் எழுத வேண்டும், ஆண்டுகளைக் கறுப்பில், உடன்படிக்கைகளைப் பச்சையில். தோற்ற அரசர்களுக்கு அடிக்கோடு கிடையாது. சன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது, அங்கே வரலாறு இல்லை. சந்தேகம் கேட்பவர்கள் சந்தேகத்தையும் அதற்கான விடையையும் முந்தின வாரமே எழுதித் தர வேண்டும். ஐந்து காரணம் கேட்டால் ஐந்து. நாலு என்றால் சோம்பல், ஆறு என்றால் திமிர், ஆறு எழுதினால் முழு விடையும் செல்லாது. கடைசி விதியை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். வரலாறு நடந்து முடிந்துவிட்டது, அதில் மாணவர்கள் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது.

பிறகு பாடம். இளவரசி ஒவ்வொரு வரியையும் பாதி சொல்ல, வகுப்பு மீதியைச் சொன்னது. புதிய தலைப்பாகை என்று அவர் சொன்னால், அணிய வற்புறுத்தியது என்றது வகுப்பு. நெற்றிக்குறி என்றால், தடை செய்தது. தாடி மீசை என்றால், மழிக்கச் சொன்னது. தலைக்குக் கட்டுகிறதில் கை வைத்ததற்காகவா கோட்டைக்குள்ளேயே துப்பாக்கி வெடித்தது என்று தொம்மைக்கு ஆச்சரியமாக இருந்தது. மடியில் கிடந்த துண்டை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். ஐந்தாவது காரணம் முடிந்ததும் வகுப்பு, பிரேக் அடித்த பஸ் போல நின்றது. அந்த நிசப்தத்தில், ஆறாவது வரப்போகிறது என்று காத்திருந்தவன் தொம்மை ஒருவன்தான். வரவில்லை.

மாலையில் வண்டியில் போகும்போது மகளைக் கேட்டான்.

"அஞ்சோட நிறுத்தறதுக்கு இன்னாடி உனக்கு? ஊரே நிறுத்துதே."

"ஆறு மூட்ட ஏத்திக்கினு போனா அஞ்ச மட்டும் எறக்கிட்டு வந்துடுவியாப்பா நீ?"

"அது சரக்கு. கேப்பாங்க."

"இதுவும் சரக்குதான். கேக்க மாட்டேன்றாங்க, அவ்ளோதான். அதுல ஆறாவதுதாம்பா நெஜமான காரணம். மத்ததெல்லாம் தொப்பி, மீச."

தொம்மை கியரை மாற்றினான். அவள் அம்மா இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள், ஒரு காலத்தில்.

புத்துணர்வு முடிந்தால் போதும் என்றிருந்தவனுக்கு இன்னொரு படி காத்திருந்தது. உறுதிமொழி. 'வேலூரில் ஆறாவது காரணம் எதுவும் நடக்கவில்லை' என்று தந்தையும் மகளும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொம்மை பேனாவை வாங்கிக்கொண்டான். ஆனால் மனசு கேட்கவில்லை. வேலூர்ப் பக்கமே போனதில்லையே, நடந்ததா இல்லையா என்று நான் எப்படிங்க எழுதித் தர்றது என்று கேட்டான். லூசியா பேனாவையே தொடவில்லை. முதல்வர் பெருமூச்சு விட்டு, விஷயத்தைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்.

திண்டிவனம் தலைமையகத்தில் ஒழுங்குக் குழு கூடியது. வட்ட மேசை, ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில், தட்டில் முந்திரி. தொம்மையும் லூசியாவும் சுவரோரம் நின்றார்கள். உத்தரவு எழுதுவதற்காக இளவரசியைக் கூட்டி வந்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டப்படி ஐந்து பேர் இருந்த குழுவில், தாளாளரின் மைத்துனர் துபாயிலிருந்து திரும்பி வந்து சும்மா இருந்ததால், அவரையும் நிர்வாக அலுவலராக்கிச் சேர்த்திருந்தார்கள்.

தாளாளர் கோகுலகிருஷ்ணன் எழுந்து சால்வையைச் சரி செய்தார். அந்த அறையில் சால்வை போர்த்த யாரும் வரவில்லை, அவரே கொண்டு வந்திருந்தார்.

"எங்கப்பா பள்ளிக்கூடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால இந்த எடத்துல ரைஸ் மில்லு வெச்சிருந்தாரு. எந்த ஊரு நெல்லு கொட்டினாலும் ஒரே மாதிரி அரிசியாத்தான் வெளிய வரும். அதே தரத்தைத்தான் இன்னைக்கும் காப்பாத்திக்கினு வர்றோம். மெஷின மாத்தினோம், கொள்கைய மாத்தல. ஒரு நெல்லு மட்டும் நான் நெல்லாவே வெளிய வர்றேன்னு சொன்னா இன்னா பண்றது? மில்லு நின்னுடும்."

குழு கைதட்டியது. தாளாளர், இந்தப் பெண்ணை நீக்குவதற்கான காரணங்களை ஜனநாயக முறைப்படி ஒவ்வொருவரும் சொல்லலாம் என்றார். முதல்வர் ராஜாமணி, நோட்ஸை மீறியது என்றார். மைத்துனர், ஆறாவது காரணத்துக்காகக் கூடுதல் தாள் வாங்கிப் பள்ளிக்கு இழப்பு உண்டாக்கியது என்றார். விளையாட்டு ஆசிரியர், அணிவகுப்பில் கை வீச்சு அளவுக்கு மேல் இருப்பது என்றார். போக்குவரத்துப் பொறுப்பாளர், வேனில் உட்கார்ந்து புத்தகம் படிப்பதும் அதை மற்றப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதும் என்றார். கலாச்சார ஆலோசகரும் தாளாளரின் மனைவியுமான கலைப்பிரியா அம்மையார், நிறுவனர் படத்துக்கு மாலை போடுகையில் இந்தப் பெண் கொட்டாவி விட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

கடைசியில் தாளாளர். எல்லாரும் சொன்ன பிறகு தலைவன் சும்மா இருக்க முடியாது. கண்ணை மூடி யோசித்தார். மேற்கண்ட ஐந்து காரணங்களும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து இருப்பதே ஒரு தனிக் காரணம் என்றார். மறுபடியும் கைதட்டல். மைத்துனர் விசில் அடிக்க வாயில் விரலை வைத்து, அக்காவைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

இளவரசி எழுதி முடித்து, பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டே வாசித்தார். ஐந்தாவது டிக் விழுந்ததும் பேனா நின்றது.

"சார், இதுல ஆறு இருக்குது சார்."

"இருக்கட்டுமே. ஸ்ட்ராங்கா இருக்கும்."

"அஞ்சுக்கு மேல போனா முழுசும் செல்லாது சார். நம்ம ரூல்." இளவரசி தரையைப் பார்த்தபடி சொன்னார். "நீங்க போட்ட ரூல் சார்."

தாளாளர் சுவரோரம் நின்ற பெண்ணைப் பார்த்தார். குற்றவாளியின் முன்னாலேயே அவள் செய்த குற்றத்தைச் செய்ய முடியாது. அந்த அளவுக்கு அவருக்குப் புரிந்தது. சரி, ஒன்றை அடித்துவிடலாம் என்றார். யாருடையதை என்பதில்தான் வினை.

மைத்துனரின் கூடுதல் தாள் காரணத்தை முதலில் தொட்டார்கள். "எப்பவுமே எங்கிட்டதான் கை வெப்பீங்க மாமா. கல்யாணத்துல பந்தியிலயும் என்னைத்தான் எழுப்புனீங்க" என்று அவர் எழுந்துவிட்டார். கொட்டாவியை எடுக்கலாமா என்று முதல்வர் மெதுவாகக் கேட்டதற்கு, கலைப்பிரியா அம்மையார், என் மாமனார் உங்களுக்கு அவ்வளவு மட்டமாகப் போய்விட்டாரா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிரூபிக்கக்கூடிய காரணம் தன்னுடையது ஒன்றுதான் என்று விளையாட்டு ஆசிரியர் எழுந்து கையை வீசிக் காட்டினார். அவர் வீச்சில் முந்திரித் தட்டு கீழே விழுந்தது. போக்குவரத்துப் பொறுப்பாளர், தன் காரணத்தை எடுத்தால் நாளையிலிருந்து வேன் ஓடாது என்று முந்திரியைப் பொறுக்கியபடியே சொன்னார்.

தாளாளருடையதை எடுக்கலாம் என்று சொல்ல அங்கே யாருக்கும் நெஞ்சில் தைரியம் இல்லை. சொல்லாமலே இன்னொரு சிக்கலை இளவரசி எடுத்துக் கொடுத்தார். முன்னால் இருக்கிற எதை எடுத்தாலும் மேற்கண்டவை நாலாகிவிடும், அப்போது ஐயா சொன்ன 'மேற்கண்ட ஐந்து' பொய்யாகிவிடும் என்றார். தாளாளர் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் பார்த்தார். அவருடைய காரணம் அந்தக் குடும்பத்து வீடு மாதிரி கட்டப்பட்டிருந்தது. எந்தச் செங்கல்லை உருவினாலும் அவர் தலையில்தான் விழும்.

வெயில் தாழ்ந்தது. சண்டை பந்தியிலிருந்து வரதட்சிணைக்குப் போய், அங்கிருந்து ரைஸ் மில் பாகப்பிரிவினைக்குப் போனது. தொம்மை அவ்வளவு நேரமும் நின்றபடி, யார் பேசினாலும் அவர் பக்கம் தலையாட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் அவனுக்கே பரிதாபமாகிவிட்டது.

"வண்டிய ஓரமா வுட்டுட்டு வந்திருக்கேன் சார், பேஜாராயிடும். முடிவாச்சுன்னா ஒரு போன் போடுங்க, ஜல்தியா வந்துடறேன்."

யாரும் அவனைக் கவனிக்கவில்லை. தந்தையும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரும்போது, இளவரசி சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். லூசியாவை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. படிக்கட்டில் லூசியா சிரித்தாள். தொம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர்ப்பட்டியல் போகிற வரைக்கும் அவனுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை.

எந்தக் காரணத்தை நீக்குவது என்று ஆராய உபகுழு ஒன்று அமைந்தது. உபகுழுவில் யார் என்பதற்காக இன்னொன்று அமைந்தது. பொங்கல் வந்தது. நீக்கு என்று உத்தரவு ஏதும் வராததால், அலுவலக கிளார்க் பெயர்ப்பட்டியலில் லூசியாவின் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டு ஊருக்குக் கரும்பு வாங்கப் போய்விட்டார். அவள் பரீட்சை எழுதினாள். இளவரசிக்குத்தான் அந்த மாதத்தோடு வேலை போயிற்று. அவரை நீக்க ஒரே காரணம் போதுமானதாக இருந்தது. ஐந்து வேண்டும் என்கிற விதி ஆசிரியர்களுக்குப் பொருந்தாது.

பரீட்சை முடிவு வந்தது. சமூக அறிவியலில் லூசியா நூற்றுக்கு நூறு. அன்றைக்கே பள்ளியிலிருந்து போன். அதே பெண் குரல், அதே விருதுகள், பிறகு பாராட்டு விழாவுக்கு வர வேண்டும் என்கிற அழைப்பு. உபகுழு என்ன ஆயிற்று என்று தொம்மை கேட்டான். இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றது குரல், பெருமையாக.

இரண்டு நாள் கழித்து மகளை ஏற்றிக்கொண்டு வரும்போது நாலுமுனை ரோட்டு சிக்னலில் வண்டி நின்றது. எதிரே, இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ். 'சமூக அறிவியலில் சதம்! எம் மாணவியின் சாதனைக்கான ஐந்து காரணங்கள்' என்று கொட்டை எழுத்து. கீழே வரிசையாக ஐந்து பெரிய படங்கள். மாலை போட்ட நிறுவனர். சால்வை போர்த்திய தாளாளர். கலைப்பிரியா அம்மையார். முதல்வர் ராஜாமணி. கறுப்புக் கண்ணாடி போட்ட மைத்துனர்.

தொம்மை ஸ்டியரிங்கில் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தான். வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தான். மூலையில் பிரிண்டிங் கடையின் போன் நம்பர்கூட இருந்தது.

"உன்னையக் காணோமேடி."

லூசியா சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான் ஆறாவதுப்பா" என்றாள். "போட்டா எல்லாமே செல்லாமப் போயிடும்."